முதல் வரிசைக் கண்ணிகள்: கணையம் குறித்து நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து கணையத்தைப் பற்றியவை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு அது. சுமார் 15 செ.மீ. நீளம், பெரியவர்களுக்கு 70 முதல் 100 கிராம் எடை. செரிமான நொதிகளைச் சுரப்பது ஒரு வேலை, இன்சுலின் முதலான ஹார்மோன்களைச் சுரப்பது இன்னொரு வேலை. ஹார்மோன் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மொத்த எடையில் 1 முதல் 2 சதவீதம்தான்.

கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்ந்துவிடும் என்று வகுப்பில் படித்தோம். பக்கத்திலேயே இருக்கும் கணையத்துக்கு அந்தத் திறமை ஏன் இல்லை? அது இவ்வளவுதான் பெரிதாக வேண்டும் என்று எது முடிவு செய்கிறது?
*விலங்கியல் மாணவி, உதகமண்டலம்*

ஊட்டிக் குளிரில் வளர்ந்த உங்களுக்குப் பின்னல் ஊசி புதிதாக இருக்காது. ஸ்வெட்டரின் அகலம், முதல் வரிசைக்கு ஊசியில் எத்தனை கண்ணி ஏற்றினோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அறுபது கண்ணி ஏற்றிவிட்டு எத்தனை நாள் பின்னினாலும் நூறு கண்ணி அகலம் வராது. கணையம் அந்த வகை. கல்லீரலோ தேயிலைச் செடி மாதிரி. கவாத்து செய்தாலும் பழைய அளவை எட்டும்வரை துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

இதைச் சோதித்துக் காட்டியவர்கள் ஹார்வர்டைச் சேர்ந்த பென் ஸ்டாங்கர், அகேமி தனகா, டக்ளஸ் மெல்டன் மூவரும். ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சுண்டெலிக் கருவில், கணையமாக மாறப்போகும் முன்னோடிச் செல்களில் மட்டும் டிப்தீரியா நச்சு உண்டாகும்படி மரபணுவை அமைத்தார்கள். டாக்சிசைக்ளின் மருந்தைக் கொடுத்தால் நச்சு நிற்கும், கொடுக்காவிட்டால் சுரக்கும். இப்படிச் சில நாள் மட்டும் நச்சை ஓடவிட்டு, முன்னோடிச் செல்களில் ஒரு பகுதியை அழித்துவிட்டு, மிச்சத்தை வளரவிட்டார்கள். பிறந்த குட்டிகளின் கணையம் சிறுத்தே இருந்தது. வளர்ந்த பிறகும் அந்தக் குறை ஈடாகவில்லை. இதே அழிவைக் கல்லீரலின் முன்னோடிச் செல்களுக்குச் செய்தபோது, கல்லீரல் இழப்பைச் சரிக்கட்டிவிட்டது.

அதே ஆய்வில் எதிர்த்திசையிலிருந்தும் பார்த்தார்கள். பிடிஎக்ஸ்1 என்ற மரபணு இல்லாத சுண்டெலிக்குக் கணையமே உருவாகாது. அத்தகைய கருவுக்குள் நல்ல குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை) செலுத்தினால், கணையம் முழுக்க அந்த வந்த செல்களிலிருந்தே உருவாகும். கணையமாகப் போய்ச் சேர்ந்த நல்ல செல்கள் குறைந்த கருவில் கணையம் சிறிது, அதிகமான கருவில் பெரிது.

அப்படியானால் கண்ணிகளை ஏற்றுவது யார்? கருவின் குடல் ஆரம்பத்தில் ஒரு வெறும் குழாய். அதன் முதுகுப் பக்கம் முதுகுநாண் ஒட்டியிருக்கிறது; முதுகெலும்பு உருவாவதற்கு முன் கருவில் இருக்கும் தண்டு அது. முதுகுநாண் சுரக்கும் ஆக்டிவின், எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிக் காரணிகள், குடல் சுவரின் ஒரு சிறு துண்டில் ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணுவை அடக்குகின்றன. அது அடங்கிய இடத்தில்தான் பிடிஎக்ஸ்1 வேலை செய்து கணைய மொட்டு கிளம்ப முடியும். அடங்காத இடம் வெறும் குடலாகவே போய்விடும். ஹெட்ஜ்ஹாக்கை மருந்தால் அடக்கினால் என்ன ஆகும் என்று கோழிக் கருவில் 1998-இல் பார்த்தார்கள். இரைப்பையிலும் சிறுகுடலிலும்கூடக் கணையத் திசு அங்கங்கே முளைத்தது. அந்த மருந்தின் பெயர் சைக்ளோபமைன். அமெரிக்க மலைகளில் ஒரு காட்டுச்செடியை மேய்ந்த சினை ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றதைத் துருவியபோது கிடைத்த பொருள் அது. ஆடு மேயும் மலையில் படிக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

மொட்டு கிளம்பினால் போதாது, பெருக வேண்டும். 1962-இல் கோலோசோவ், குரோப்ஸ்டைன் இருவரும் சுண்டெலிக் கருவின் கணைய மொட்டைச் சுற்றியிருந்த இடைத்திசுவை உரித்துவிட்டு வளர்த்துப் பார்த்தார்கள். மொட்டு வளரவில்லை. அந்த இடைத்திசு கொடுப்பது என்ன என்பதற்கு முக்கியமான விடை 2001-இல் கிடைத்தது: எஃப்ஜிஎஃப்10 என்ற வளர்ச்சிக் காரணி. அது இல்லாத சுண்டெலியில் மொட்டு கிளம்புகிறது, பிடிஎக்ஸ்1-உம் எழுகிறது, ஆனால் முன்னோடிச் செல்கள் பெருகாமல் கரைந்துபோகின்றன.

‘அப்படியென்றால் எஃப்ஜிஎஃப்10-ஐ அள்ளிக் கொடுத்தால் பெரிய கணையம் கிடைக்குமே’ என்று அடுத்துத் தோன்றும். 2003-இல் இரண்டு குழுக்கள் அதைச் செய்து பார்த்தன. கணையம் பெருத்தது, ஆனால் செல்கள் முதிரவில்லை. நொதியும் இல்லை, இன்சுலினும் இல்லை, முன்னோடிக் கூட்டம் மட்டும் பெருகிக்கொண்டே போனது. காரணம், எஃப்ஜிஎஃப்10 ‘நாட்ச்’ என்ற தகவல் வழியைத் தூண்டிவைக்கிறது. நாட்ச் ஓடும் செல் பெருகுமே தவிர முதிராது. நாட்ச் தணிந்த செல்லில் நியூரோஜெனின்3 என்ற மரபணு எழுந்தால் அது ஹார்மோன் செல்லாகிறது. நியூரோஜெனின்3 இல்லாத சுண்டெலிக்குத் திட்டுகளே கிடையாது. ஆக, சீக்கிரம் முதிர்ந்தால் கணையம் சிறுத்துப்போகும், முதிராமலே இருந்தால் பயன்படாது. பெருகுவதை எப்போது நிறுத்தி முதிரத் தொடங்குவது என்ற அந்த நேரம்தான் கணையத்தின் அளவைத் தீர்மானிக்கும் இரண்டாவது காரணம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ஜப்பானின் நாகவுச்சி குழுவினர் 2010-இல் பிடிஎக்ஸ்1 இல்லாத சுண்டெலிக் கருவில் பேரெலியின் குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். உருவான கணையம் பேரெலியின் செல்களால் ஆனது, அளவு மட்டும் சுண்டெலியினது. 2017-இல் மாற்றிச் செய்தபோது, பேரெலிக்குள் சுண்டெலிச் செல்களால் ஆன கணையம் பேரெலி அளவுக்கு வளர்ந்தது. அதாவது சுற்றியுள்ள இடைத்திசுவும் இரத்தக் குழாய்களும் எவ்வளவு இடமும் எவ்வளவு காரணியும் தருகின்றன என்பதும் கணக்கில் உண்டு. தேர்வில் ‘முன்னோடிச் செல்களின் எண்ணிக்கை’ என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். அது பாதி விடைதான்.

என் மகனுடைய பெண் குழந்தைக்கு இரண்டு மாதம். 1.6 கிலோவில் பிறந்தாள். சர்க்கரை ஏறிக் கிடந்ததால் கோவைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் கணையமே இல்லை என்கிறார்கள், இதயத்திலும் ஓட்டை. மருமகள் பப்பாளி சாப்பிட்டதாலா, பனியில் கொழுந்து பறிக்கப் போனதாலா என்று வீட்டில் பேச்சாக இருக்கிறது. அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா? இந்தக் குளிரில் இன்சுலினை எப்படி வைத்துக்கொள்வது?
*ஒரு பாட்டி, குன்னூர் அருகே தேயிலைத் தோட்டம்*

அம்மா, முதலில் வீட்டுப் பேச்சை நிறுத்துங்கள். பப்பாளிக்கும் பனிக்கும் இதில் சம்பந்தமே இல்லை. கணைய மொட்டு கிளம்புவது கரு தரித்த நான்காவது வாரத்தில். அப்போது உங்கள் மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் சாப்பிட்டதாலோ வேலைக்குப் போனதாலோ மரபணுவின் எழுத்து மாறிவிடாது.

கணையம் இல்லாமல் பிறப்பதோடு இதயக் கோளாறும் சேர்ந்திருந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது காட்டா6 என்ற மரபணுவை. 2012-இல் வெளியான ஆய்வில், கணையமின்றிப் பிறந்த 27 பேரில் 15 பேருக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாக இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது பெற்றோரிடமிருந்து வரவில்லை, புதிதாக நேர்ந்த மாற்றம். குழந்தை எடை குறைவாகப் பிறந்ததற்கும் காரணம் இதுவே: வயிற்றுக்குள் இருக்கும்போது சிசுவின் இன்சுலின்தான் அதன் முக்கியமான வளர்ச்சிக் காரணி. இன்சுலின் சுரக்காத சிசு சதை போடாது.

அடுத்த பிள்ளையைப் பற்றிய விடை மரபணுப் பரிசோதனையில்தான் இருக்கிறது. குழந்தை, தாய், தகப்பன் மூவரிடமும் இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காட்டா6 மாற்றம் குழந்தைக்கு மட்டும் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. சில பெற்றோருக்கு அது லேசான சர்க்கரை நோயாக மட்டும் இருந்து, யாரும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். மகனும் மருமகளும் மாமன் மகள், அத்தை மகன் முறையில் கட்டியவர்களா? அப்படியென்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிடிஎக்ஸ்1, பிடிஎஃப்1ஏ மரபணுக்களின் பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதியாக வந்தால்தான் நோயாகும், சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில்தான் இது கூடுதல். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பிடிஎஃப்1ஏ-யில் இன்னொரு நுணுக்கம்: மரபணு நன்றாக இருந்தும், அதைக் கணையத்தில் மட்டும் இயக்கும் தொலைவான ‘சுவிட்ச்’ பகுதி பழுதாகியிருக்கலாம் என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள். மரபணுவை மட்டும் படிக்கும் பரிசோதனையில் அது தப்பிவிடும். ‘அந்தப் பகுதியையும் பார்த்தீர்களா’ என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

இனி அன்றாடம். குழந்தைக்கு இன்சுலினும் வேண்டும், செரிமான நொதியும் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

நொதி, காப்ஸ்யூலுக்குள் சிறு மணிகளாக இருக்கும். பச்சிளங் குழந்தைக்கு வழக்கமான தொடக்க அளவு ஒவ்வொரு 120 மி.லி. பாலுக்கும் 2,000 முதல் 4,000 லைபேஸ் யூனிட் (லைபேஸ் என்பது கொழுப்பைச் செரிக்கும் நொதி). இங்கே எளிதில் கிடைக்கும் காப்ஸ்யூல் 10,000 யூனிட். அதனால் திறந்து ஒரு பங்கைத்தான் கொடுப்பீர்கள். அந்தப் பங்கை எப்படி அளப்பது என்று செவிலியர் செய்து காட்டும்வரை வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். மணிகளின் மேலுறை இரைப்பையின் அமிலத்தைத் தாங்கி, சிறுகுடலுக்குப் போன பிறகே கரைய வேண்டும். பாலில் கலந்தாலோ, சூடான கூழில் போட்டாலோ, நசுக்கினாலோ உறை போய்விடும், நொதி வீணாகும். புளிப்புள்ள பழக்கூழ் அரை ஸ்பூனில் மணிகளைத் தூவி உடனே ஊட்டி, பிறகு பால் கொடுங்கள். ஆப்பிளோ நம் மலைப் பேரிக்காயோ வேகவைத்து மசித்து ஆறவைத்தது போதும். பால் குடித்து முடித்ததும் ஈறோரத்தைப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட மணி வாயைப் புண்ணாக்கும். மலம் எண்ணெய் மிதந்து, துணியில் ஒட்டி, நாற்றமடித்தால் நொதி போதவில்லை. அதற்காக நீங்களாகவே கூட்டாதீர்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் பெருங்குடல் இறுகும் ஆபத்து உண்டு. ஏ, டி, ஈ, கே வைட்டமின் சொட்டுகளையும் மறக்க வேண்டாம், கொழுப்பு செரிக்காத உடலில் அவை தங்குவதில்லை.

இன்சுலினில் நடக்கும் பெரிய தவறு ஊசியில்தான். இங்கே இரண்டு வகை இன்சுலின் உண்டு: ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது. 40-க்கு சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ‘10’ கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். கைக்குழந்தைக்கு அரை யூனிட்டே பெரிய அளவு. அதனால் மருத்துவமனையில் நீர்த்த இன்சுலின் தயாரித்துக் கொடுப்பார்கள். அதற்கென்று தனிக் கரைசல் இருக்கிறது, வீட்டில் எந்தத் தண்ணீரையும் கலக்கக் கூடாது. நீர்த்த குப்பியின் மேல் பலமும் கடைசித் தேதியும் எழுதி வாங்குங்கள்.

நம் மலையில் இன்சுலினுக்கு வெயிலைவிட உறைபனி மோசம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. எறிந்துவிடுங்கள். திறக்காத குப்பி குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில், கதவுப் பக்கத்தில் இருக்கட்டும், ஐஸ் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். திறந்த குப்பியை அறை வெப்பத்தில் நான்கு வாரம்வரை வைக்கலாம். நீர்த்த குப்பிக்கு அதன் மேல் எழுதிய தேதிதான். டிசம்பர், ஜனவரியில் ஜன்னலோரத்திலோ தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணிலோ வைக்காமல், துணியில் சுற்றிப் பெட்டிக்குள் உள்ளறையில் வையுங்கள். அடுப்பு மேடையும் ஆகாது. சர்க்கரை மீட்டரும் குளிரில் தடுமாறும். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. பார்ப்பதற்கு அரை மணி முன்பே மீட்டரையும் பட்டைகளையும் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் குதிகாலையும் வெதுவெதுப்பான துணியால் ஒற்றிய பிறகே குத்துங்கள்.

கணையம் இல்லாத குழந்தைக்கு, சர்க்கரையை ஏற்றிவிடும் குளுக்ககான் ஹார்மோனும் சுரக்காது. எனவே சர்க்கரை இறங்கினால் தானாக ஏறுவது கடினம். 70-க்குக் கீழே போனால் உடனே பால், அல்லது குளுக்கோஸ் தூள் கரைத்த நீர். தேன் தடவாதீர்கள். மலைத்தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயதுக்கு முன் கூடாது, அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமி பச்சைக் குழந்தையைச் சாய்த்துவிடும். துவண்டுபோய் விழுங்க முடியாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்குக் கணையமும் சிறிதாக இருக்குமா? கர்ப்பிணிகளுக்கு நான் என்ன செய்ய முடியும்? இன்னொன்று: சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் பலர் வாந்தி எடுத்துவிடுகிறார்கள்.
*கிராம சுகாதாரச் செவிலியர், கூடலூர்*

மேலே சொன்ன குழந்தையின் நிலை மரபணுவால் வந்தது, மிக அரிது. நீங்கள் தினமும் பார்ப்பது வேறு: மரபணு சரியாக இருந்தும் ஊட்டம் போதாமல் கணையத்தின் கண்ணிகள் குறைவது. 1990-இல் பெல்ஜியத்தில் சினை எலிகளுக்கு 20 சதவீதப் புரதத்துக்குப் பதில் 8 சதவீதம் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகளின் திட்டுகள் சிறுத்தன, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் பெருக்கம் குறைந்தது, திட்டுகளுக்குள் இரத்தக் குழாய்களும் குறைந்தன. மனிதரில் 1944–45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்தவர்களுக்கு, ஐம்பது வயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. மனித பீட்டா செல்கள் நன்றாகப் பெருகுவது பிறப்பதற்கு முன்னும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும்தான், அதன் பிறகு வேகம் விழுந்துவிடும். ஆகவே உங்கள் வேலை கர்ப்பத்தோடு முடிவதில்லை, குழந்தைக்கு இரண்டு மூன்று வயது ஆகும்வரை நீள்கிறது.

ஊட்டம் குறைந்து வளர்ந்த ஒல்லியான இளைஞர்களுக்கு வரும் சர்க்கரை நோயை 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவு, ஆனால் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் போட்டாலும் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். உங்கள் பகுதியில் ஒல்லியான சர்க்கரை நோயாளியைக் கண்டால் முதலாம் வகை, இரண்டாம் வகை என்று நீங்களே முத்திரை குத்தாமல் அனுப்பிவையுங்கள்.

கர்ப்பிணிக்குப் புரதம்: வழக்கமான உணவுக்கு மேல் நடு மூன்று மாதத்தில் நாளுக்கு 9.5 கிராம், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதல் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை. ‘புரதம் சாப்பிடுங்கள்’ என்றால் யாருக்கும் புரியாது. இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி பருப்பும் என்று சொல்லுங்கள், 22 கிராம் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவருக்கு மலை அவரை, பட்டாணி, கேழ்வரகோடு பால். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறுத் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகம் வீட்டுக்குப் போன பிறகு அதை யார் சாப்பிடுகிறார்கள் என்றும் ஒரு கண் வையுங்கள்.

வாந்தி விஷயம். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறைதான் நீங்கள் செய்வது: 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பது. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வளைந்து வளைந்து வரும் பஸ்ஸில் இறங்கிய கையோடு குடிக்கச் சொன்னால் யாருக்கும் குமட்டும். அரை மணி உட்காரவைத்து, சில்லென்றில்லாத தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு எடுத்தால் தொடரலாம். முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒன்று. இதை விடக் கூடாது, ஏனென்றால் தாயின் சர்க்கரை ஏறினால் சிசுவின் கணையம் இன்சுலினை மிகையாகச் சுரந்து குழந்தை நான்கு கிலோவுக்குப் பெருக்கும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை தடாலென்று விழும்.

கூடலூர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அரிவாள் செல் சோகை உள்ள பழங்குடிப் பெண்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை நம்பாதீர்கள். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் அளவு குறைத்துக் காட்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணையத்தை நேரில் காட்ட வேண்டும். படத்தில் காட்டினால் மனதில் பதியவில்லை.
*ஆசிரியை, கோத்தகிரி*

கோழிக்கடை போதும். குடலை உருவி எறிந்துவிடாமல், இரைப்பையோடு சேர்த்து முழுதாகத் தரச் சொல்லுங்கள். கெட்டியான தசை கொண்ட இரைப்பையிலிருந்து புறப்படும் குடல், ஊக்குப்பின் மாதிரி ஒரு விரல் நீளத்துக்குப் போய்த் திரும்பி வரும். அந்த இரண்டு கால்களுக்கும் நடுவே வெளிர் இளஞ்சிவப்பில், நுண்ணிய மடல்களோடு நீளமாகப் படுத்திருப்பதுதான் கணையம். பக்கத்தில் கொழுப்பும் இருக்கும், பிள்ளைகள் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள்: கொழுப்பு மிதக்கும், கணையம் மூழ்கும். உருண்டையாகக் கருஞ்சிவப்பில் ஒன்று தெரிந்தால் அது மண்ணீரல்.

தாமதம் செய்யாதீர்கள். கணையத்தின் நொதிகள் உயிர் போனதும் கணையத்தையே செரிக்கத் தொடங்கும். காலையில் வாங்கி மதியம் காட்டினால் குழைந்துபோயிருக்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த குளிர்ந்த நீரில் போட்டு, முதல் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள். கையுறை கட்டாயம், பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல்.

லென்ஸ் இருந்தால், குடலின் திரும்பி வரும் காலில் மேல்முனைப் பக்கம் மெல்லிய நாளங்கள் நுழைவதைத் தேடுங்கள். கோழிக்குப் பெரும்பாலும் மூன்று கணைய நாளங்கள். கருவில் முதுகுப் பக்கம் ஒரு மொட்டும் வயிற்றுப் பக்கம் இரண்டு மொட்டுகளும் கிளம்பி இணைந்ததன் அடையாளம் அது.

வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் ‘பேங்கிரியாஸ் டிவைசம்’ என்று வந்திருக்கிறது. கணையம் இரண்டாக உடைந்துவிட்டதா?
*வாசகர், குந்தா*

உடையவில்லை. மனிதக் கணையம் இரண்டு மொட்டுகளில் தொடங்குகிறது. 6, 7-ஆம் வாரத்தில் வயிற்றுப் பக்க மொட்டு குடலைச் சுற்றிவந்து முதுகுப் பக்க மொட்டோடு ஒட்டும்போது, உள்ளே இருக்கும் நாளங்களும் இணைய வேண்டும். உங்களுக்குச் சதை ஒட்டியிருக்கிறது, நாளங்கள் மட்டும் இணையவில்லை. நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கு இப்படி உண்டு, பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராது. வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்ந்து, இரத்தத்தில் லைபேஸ் அளவு மூன்று மடங்குக்கு மேல் ஏறினால் அது கணைய அழற்சி. அப்போதுதான் இந்த அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். மது, புகை இரண்டும் வேண்டாம்.

பன்னிரண்டு வயது மகனுக்கு முதலாம் வகைச் சர்க்கரை நோய். ஸ்கேனில் கணையம் சிறியது என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் கணையம் வளர்ந்துவிடும் என்று ஒரு விளம்பரம் பார்த்தோம், நான்கு லட்சம் கேட்கிறார்கள். போடலாமா?
*ஒரு தந்தை, கோத்தகிரி*

போடாதீர்கள். ஸ்கேனில் வந்தது புதிய நோய் அல்ல. இன்சுலின், பக்கத்தில் உள்ள நொதிச் செல்களுக்கும் வளர்ச்சிக் காரணி. அது நின்றுபோனால் அந்தச் செல்களும் சுருங்குகின்றன. முதலாம் வகை நோயாளிகளுக்குக் கணையம் சிறுத்திருப்பது பொதுவானது.

குருத்தணுவிலிருந்து பீட்டா செல்களை உருவாக்குவது உண்மையாக நடக்கும் வேலைதான். ஆனால் எப்படி என்று பாருங்கள். 2006-இல் சான் டியேகோ ஆய்வாளர்கள் கரு போகும் வழியையே கிண்ணத்துக்குள் நடத்தினார்கள்: முதலில் ஆக்டிவின் கொடுத்துக் குடல் உள்ளடுக்காக்கி, பிறகு எஃப்ஜிஎஃப்10-உம் ஹெட்ஜ்ஹாக்கை அடக்கும் சைக்ளோபமைன் வகை மருந்தும், அடுத்து ரெட்டினாயிக் அமிலம், அதன் பின் நாட்ச் வழியை அடக்கும் மருந்து. ஒரு படி பிசகினாலும் செல் ஈரலாகவோ குடலாகவோ போய்விடும். 2014-இல் மெல்டன் குழு உட்பட இரண்டு குழுக்கள் சர்க்கரைக்கு ஏற்பச் சுரக்கும் செல்களை எட்டின. 2025-இல் வெளியான பரிசோதனையில் இத்தகைய செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு கழித்து இன்சுலின் தேவைப்படவில்லை. செல்களைச் செலுத்தியது கணையத்தில் அல்ல, கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில். யாருக்கும் கணையம் வளரவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். பங்கேற்றவர்களில் ஒருவர் மூளையுறைத் தொற்றில் இறந்தார். அவர்கள் அனைவரும் சர்க்கரை அபாயகரமாக இறங்கிக்கொண்டிருந்த பெரியவர்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அல்ல.

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலோ கொழுப்பிலோ எடுத்த செல்களை அப்படியே ஏற்றிவிடுவது. மேலே சொன்ன எந்தப் படியையும் கடக்காத செல் பீட்டா செல்லாக மாறாது. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தியப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் உங்கள் பதிவு எண் என்ன? எண் தந்தால் அதை உங்கள் நீரிழிவு மருத்துவரிடம் காட்டி, இந்த வயதுக்கும் இந்த நோய்க்கும் உரியதுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். தராவிட்டால் முன்பணம் கட்ட வேண்டாம். யார் என்ன சொன்னாலும் பையனின் இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும்.